ஆறாவது டிராக்: குழந்தைகளுக்கான ரஷ்யப் பியானோ பதிவுகளைக் கேட்டு முடித்த பிறகு

யார் வாசித்த பதிவாக இருந்தாலும் சரி, ரஷ்ய இசையமைப்பாளர் சாய்கோவ்ஸ்கி பியானோவுக்கு எழுதிய 'குழந்தைகள் ஆல்பம்' என்று கண்ணில் பட்டால் நான் முதலில் போடுவது ஆறாவது டிராக்கைத்தான். ஆறிலிருந்து ஒன்பது வரை, நாலே உருப்படி, ஆறேழு நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்குள் இந்தப் பதிவை வைத்துக்கொள்ளலாமா வேண்டாமா என்று தெரிந்துவிடுகிறது. மீதி இருபதும் அப்புறம்தான். இது பெரிய ரசிகர்கள் செய்கிற வேலை இல்லை என்று தெரியும். ஆனால் அக்கா மகளுக்காக இந்த வகைப் பதிவுகளை ஐந்தாறு மாதமாக மாற்றி மாற்றிக் கேட்டதில் எனக்கு மிஞ்சிய ஒரே அளவுகோல் இதுதான். அவளுக்கு ஏழு வயது, பியானோ கற்கத் தொடங்கி ஒரு வருடம் ஆகிறது.

அந்த நாலும் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஆறாவது, பொம்மைக்கு உடம்பு சரியில்லை. ஏழாவது, பொம்மையின் இறுதி ஊர்வலம். எட்டாவது ஒரு வால்ட்ஸ், ஜோடியாகச் சுழன்று ஆடுகிற நடன இசை. ஒன்பதாவது, புது பொம்மை. முதல் உருப்படியில் ஒரு சுரம் வரும், பிறகு ஒரு சின்ன இடைவெளி, மறுபடி ஒரு சுரம், மறுபடி இடைவெளி. காய்ச்சலில் படுத்திருக்கிற குழந்தை மூச்சு விடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவர்களுக்கு அது என்னவென்று உடனே தெரியும். அடுத்தது மெதுவான ஊர்வல நடை, விளையாட்டு ஊர்வலம் இல்லை, பெரியவர்களுக்கு எழுதுகிற அதே கனத்தோடு எழுதப்பட்டது. அப்புறம் ஒன்றுமே நடக்காததுபோல ஒரு வால்ட்ஸ். கடைசியில் புது பொம்மை, அரை நிமிடம்தான் இருக்கும், ஓடி வந்து மூச்சு வாங்க "இங்கே பாரு, இங்கே பாரு" என்று காட்டுகிற வேகம்.

இதில் பியானோக்காரர்கள் சறுக்குகிற விதம் இரண்டு. ஒன்று, குழந்தைகள் சமாச்சாரம்தானே என்று பொம்மையின் நோயையே செல்லம் கொஞ்சுகிற மாதிரி வாசிப்பது. ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு தடவல், ஒவ்வொரு வரி முடிவிலும் ஒரு இழுப்பு, கேட்டால் பொம்மை நோயாளி என்பதைவிட வாசிக்கிறவர் மிகவும் நல்லவர் என்பதுதான் தெரிகிறது. இன்னொன்று, பெரிய மேடைக்காரர்கள் இதையும் பெரிய மேடையாக ஆக்கிவிடுவது. ஒரு பதிவில் (பெயர் வேண்டாம்) ஊர்வலம் அவ்வளவு மெதுவாகப் போனது, இவள் பாதியிலேயே "மாமா, நின்னு போச்சா?" என்று கேட்டுவிட்டாள். அதே ஆள் புது பொம்மையை விரல் பயிற்சி மாதிரி இருபத்தைந்து விநாடியில் அடித்து முடித்தார். இந்த இரண்டுக்கும் நடுவில், சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு நகர்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான்.

கேட்கிற இன்னொரு விஷயம், ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் எத்தனை விநாடி விட்டிருக்கிறார்கள் என்பது. சிரிக்காதீர்கள். ஊர்வலம் முடிந்த கையோடு வால்ட்ஸ் ஆரம்பித்தால் துக்கமே பொய்யாகிவிடுகிறது, அதிகம் விட்டால் வால்ட்ஸுக்கு ஏதோ குற்ற உணர்வு வந்துவிடுகிறது. நல்ல பதிவுகளில் அந்த இடைவெளி மற்ற இடைவெளிகளைவிடக் கொஞ்சம் நீளம், ஒரு குழந்தை அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொள்கிற நேரம். இதைப் பியானோக்காரர் முடிவு செய்தாரா, எடிட்டிங் மேஜையில் இருந்தவர் முடிவு செய்தாரா என்பதெல்லாம் நமக்குத் தேவையில்லை.

சரி, இந்த ஆல்பம் எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டு கேட்டால் காது மாறுகிறது. 1878 மே மாதத் தொடக்கத்தில், சில நாட்களில், கமென்காவில் இருந்தபோது சாய்கோவ்ஸ்கி இதை எழுதிப்போட்டார். கமென்கா அவருடைய தங்கை அலெக்சாந்திரா வாழ்க்கைப்பட்ட டேவிடோவ் குடும்பத்தின் பண்ணை. அதற்கு முந்தைய வருடம்தான் கல்யாணம் செய்து, சில வாரங்களில் அது நொறுங்கி, மனுஷன் வெளிநாட்டுக்கே ஓடிப்போனார். திரும்பி வருவதற்குள், வெளிநாட்டிலேயே வயலின் கான்செர்ட்டோ, 'யெவ்கேனி ஒனேகின்' ஆபெரா இரண்டையும் முடித்திருந்தார், இந்த இருபத்துநாலு சின்ன உருப்படிகளும் அதே காலத்தவை. அச்சில் வந்தபோது தங்கை மகன் வலோத்யாவுக்குச் சமர்ப்பித்தார். பையனுக்கு அப்போது ஆறு வயது. தாய்மாமன் எழுதிக் கொடுத்த புத்தகம் என்றுதான் நான் இதை இவளுக்கு அறிமுகப்படுத்தினேன், "நீ ஏன் எழுதலை?" என்று கேட்டாள், பதில் இல்லை. அந்த வலோத்யாவுக்கே பதினைந்து வருடம் கழித்து, 1893-இல், ஆறாவது சிம்பொனியையும் அவர் சமர்ப்பித்தார். அதை அவளுக்கு இன்னும் போடவில்லை, அவசரம் இல்லை.

முகப்பில் 'ஷூமானைப் பின்பற்றி' என்றே போட்டுக்கொண்டார். ஜெர்மன் இசையமைப்பாளர் ஷூமான் 1848-இல் தன் குழந்தைகளுக்காக எழுதிய தொகுப்பு ஜெர்மனியில் வீட்டுக்கு வீடு இருந்தது, ரஷ்யக் குழந்தைகளுக்கு அப்படி ஒன்று இல்லையே என்ற குறை சாய்கோவ்ஸ்கிக்கு. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்டால் ஒரு வித்தியாசம் படுகிறது. ஷூமான் குழந்தைக்குப் பாடம் சொல்லித் தருகிற அப்பா, சாய்கோவ்ஸ்கி கதை சொல்லிவிட்டுப் போகிற மாமா. இது என் கருத்துதான், எதிர்க் கருத்து இருந்தால் சண்டைக்கு வரவில்லை.

இப்போது ஒரு குழப்பமான விஷயம். சாய்கோவ்ஸ்கியின் கையெழுத்துப் பிரதியில் வரிசையே வேறு. அதில் புது பொம்மை முதலில் வருகிறது, பிறகுதான் அதற்கு உடம்பு சரியில்லாமல் போகிறது, பிறகு ஊர்வலம், அப்புறம் வால்ட்ஸ். அச்சில் வந்தது நான் மேலே சொன்ன வரிசை. ஆல்பத்தின் கடைசியும் அப்படித்தான், கையெழுத்தில் தெருப் பாட்டுக்காரனோடு முடிகிறது, அச்சில் தேவாலயத்தோடு முடிகிறது. அதாவது ஒரே இருபத்துநாலு உருப்படி, இரண்டு கதைகள். ஒன்றில் குழந்தைக்குப் பொம்மை வந்து, பொம்மை போகிறது. இன்னொன்றில் பொம்மை போய், பொம்மை வருகிறது. பெரும்பாலான பதிவுகள் அச்சு வரிசையில்தான் போகின்றன. நீங்கள் வாங்குவதில் அட்டவணையைப் பார்த்தாலே தெரியும், புது பொம்மை ஆறாவதா ஒன்பதாவதா என்று.

நான் கேட்டவற்றில் யாக்கோவ் ஃபிளியெரின் பழைய சோவியத் பதிவை எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். ஒலி பழையதுதான், ஹெட்போனில் கேட்டால் கொஞ்சம் தட்டையாக இருக்கும், ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அறையில் வேறு வேலை பார்த்துக்கொண்டே கேட்பது நல்லது. மனிதர் எதையும் விளக்குவதில்லை. பொம்மைக்கு உடம்பு சரியில்லை, அவ்வளவுதான், அதற்கு மேல் தன் வருத்தத்தைச் சேர்ப்பதில்லை. ஃபிளியெர் மேடையில் பெரிய உணர்ச்சிக்காரர் என்று பெயர் வாங்கியவர், அவரே இங்கே இவ்வளவு அடக்கமாக உட்கார்ந்திருப்பதுதான் ஆச்சரியம். விக்டோரியா போஸ்ட்னிகோவா சாய்கோவ்ஸ்கியின் பியானோ இசை மொத்தத்தையும் பதிவு செய்தவர், அதில் இதுவும் உண்டு. நிதானம் அவருடைய பலம், சில இடங்களில் அதுவே எனக்குக் கொஞ்சம் பாரமாக இருந்தது, 'இனிய கனவு' மட்டும் அவர் கையில் கேட்க வேண்டும். மைக்கேல் பான்டியும் மொத்தத்தையும் வாசித்துத் தள்ளியவர், அது சுறுசுறுப்பு வேண்டியவர்களுக்கு, எனக்கு மரச் சிப்பாய்களும் குச்சிக் குதிரையும் அங்கே பிடித்தன, பொம்மைகள் பிடிக்கவில்லை.

லூபா எட்லினாவின் பதிவைத் தனியாகச் சொல்ல வேண்டும். சாண்டோஸ் என்கிற இசைப்பதிவு நிறுவனம் வெளியிட்டது. அதில் பியானோவில் ஆல்பம் முழுவதும் ஒரு தடவை, அதே ஆல்பம் தந்தி வாத்தியங்களுக்காக அவருடைய கணவர் ரொஸ்திஸ்லாவ் துபின்ஸ்கி மாற்றி எழுதிய வடிவத்தில் இன்னொரு தடவை. துபின்ஸ்கி போரோதின் குவார்ட்டெட் என்கிற நாலு பேர் தந்தி வாத்தியக் குழுவின் முதல் வயலின்காரராக இருந்தவர். பியானோ கற்கிற குழந்தைக்கு இதைவிட நல்ல வீட்டுப்பாடம் கிடையாது. பியானோவில் ஒரே கையில் அடங்கியிருக்கிற இரண்டு குரல்கள் தந்தியில் பிரிந்து தனித்தனியாக நடக்கும்போது, "ஓ, இது ரெண்டு பேரா?" என்றாள் இவள், காலைப் பிரார்த்தனையைக் கேட்டுவிட்டு. அவளுடைய ஆசிரியர் ஆறு வாரமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

பொம்மைகளைத் தாண்டினால் நடு ஆல்பம் முழுக்க ஊர் சுற்றல். குடியானவன் அக்கார்டியன் வாசிக்கிறான் என்று ஒரு உருப்படி, பாவம் அவனுக்குத் தெரிந்ததே கொஞ்சம்தான், அதையே திருப்பித் திருப்பி வாசித்துவிட்டு முடிக்கத் தெரியாமல் இரண்டு சுரக்கூட்டுகளிலேயே மாட்டிக்கொண்டு தேய்ந்து நின்றுவிடுவான். இதை நகைச்சுவை என்று தெரியாமல் அழகாக வாசித்து வைத்திருக்கிற பதிவுகள் உண்டு. நேப்பிள்ஸ் பாட்டு 'அன்னப் பறவை ஏரி' பாலேயிலிருந்து எடுத்துச் சுருக்கியது. பழைய பிரெஞ்சுப் பாட்டை அப்புறம் தன் ஜோன் ஆஃப் ஆர்க் ஆபெராவில் பாணர்களுக்குக் கொடுத்துவிட்டார். தெருப் பாட்டுக்காரனின் மெட்டு வெனிஸில் தங்கியிருந்தபோது, சின்ன மகளைக் கூட்டிக்கொண்டு சாயங்காலத்தில் பாட வந்த ஒருவரிடமிருந்து கேட்டது. இந்தத் தகவல் தெரிந்த பிறகு அந்த உருப்படியைப் பெரிய சத்தத்தில் என்னால் கேட்க முடிவதில்லை. பாபா யாகா, சூனியக்காரி, அவளுக்கு முன்னால் ஆயாவின் கதை. கதையும் அது கிளப்பிவிடுகிற பயமும் பக்கத்துப் பக்கத்தில். இரவில் போடக்கூடாது என்று எங்கள் வீட்டில் சட்டம், பயம் காரணமில்லை, திரும்பப் போடச் சொல்லித் தூங்க மாட்டாள்.

வேண்டாம் என்று சொல்ல வேண்டியவையும் இருக்கின்றன. 'குழந்தைகளுக்கான ரஷ்ய மேதைகள்' என்கிற மாதிரி பெயரில், கரடியும் பலூனும் போட்ட அட்டைப்படத்தோடு வருகிற தொகுப்புகள். இவற்றில் ஒன்றை அவசரத்தில் வாங்கிவிட்டேன். வாசிப்பவர் பெயர் எங்கேயும் இல்லை, பியானோவுக்குப் பின்னால் மணிச்சத்தம் மாதிரி ஏதோ ஒரு மின்வாத்தியம், பொம்மை ஊர்வலத்தைக் காணவே காணோம். குழந்தைகள் வருத்தப்படக்கூடாது என்று எடுத்துவிட்டார்கள்போல. நோயுற்ற பொம்மை இருக்கிறது, புது பொம்மை இருக்கிறது, நடுவில் என்ன ஆனது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இதைவிடப் பயங்கரமான கதை வேறு உண்டா? இவள் அதைக் கேட்டுவிட்டுப் பழைய பொம்மையை எங்கே வைத்தார்கள் என்று இரண்டு நாள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பாட்டுக் கேட்கிற செயலியிலும் ஒரு தொல்லை. ஆல்பத்தை ஒழுங்காகப் போட்டால்கூட வரிசையைக் கலைத்துவிட்டு, நடுவில் யாரோ ஒருவரின் மழைச் சத்தத்தைச் செருகிவிடுகிறது. அரை நிமிட உருப்படிகளுக்கு இது சாவு. கலைத்துப் போடுகிற அந்தப் பொத்தானை அணைத்துவிட்டு, முடிந்தால் கோப்பாகவே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒலி அளவைச் சமன் செய்கிற வசதி ஒன்று இருக்கும், அதையும் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நோயாளிப் பொம்மையும் சிப்பாய்களும் ஒரே சத்தத்தில் வந்து நிற்பார்கள். தலைப்புகளும் ஒவ்வொரு பதிவில் ஒவ்வொரு மாதிரி மொழிபெயர்க்கப்பட்டிருக்கும், எண்ணைப் பார்த்துத் தேடுவதே உத்தமம்.

அடுத்து சோவியத் காலத்து இசையமைப்பாளர் புரோகோஃபியெவ். 'குழந்தைகளுக்கான இசை', 1935, பன்னிரண்டு உருப்படிகள். ஒகா நதிக்கரையில் பொலேனொவோ என்கிற இடத்தில் கோடையைக் கழித்தபோது எழுதியது. அதே கோடையில், அதே இடத்தில், 'ரோமியோ ஜூலியட்' பாலேயும் ஓடிக்கொண்டிருந்தது. பெரிய வேலைக்கு நடுவில் கையைத் தளர்த்திக்கொள்ள எழுதினாரோ என்று நினைக்கத் தோன்றும், ஆனால் இது ஒரு முழு நாள். காலையில் ஆரம்பித்து, நடைபோய், கதை கேட்டு, தப்பு செய்து வருந்தி, மழையில் மாட்டி, ஓடிப்பிடித்து விளையாடி, அந்தி வந்து, கடைசியில் புல்வெளிகள்மேல் நிலா உலவுவதோடு முடிகிறது. அந்த நிலா அவர் தங்கியிருந்த வீட்டிலிருந்து அவரே பார்த்த நிலா.

இதில் என் சோதனை 'மழையும் வானவில்லும்'. தொடக்கத்தில் ஒன்றுக்கொன்று ஒட்டாத சுரங்கள் சொத்துச் சொத்தென்று விழும், தப்பாக வாசிக்கிறார்கள் என்று நினைத்து இவள் ஆசிரியர் மாதிரி முகத்தைச் சுளித்தாள். அப்புறம் அதிலிருந்து ஒரு சாதாரண சுரவரிசை, பள்ளிக்கூடச் சுரவரிசைதான், வளைந்து இறங்கும். அதுதான் வானவில். முதல் பாதியை அசிங்கமாக வாசிக்கத் துணிகிறவர்களுக்குத்தான் இரண்டாம் பாதி கிடைக்கும். மழையையே பெடல் போட்டு மெழுகிவிட்டால் வானவில்லுக்கு எங்கே போவது. 'காலை'யும் அப்படித்தான், இரண்டு கைகளும் பியானோவின் இரண்டு கோடிகளில் நிற்கின்றன, நடுவில் ஒன்றுமில்லை, அந்த வெற்றிடம்தான் காலை. மைக்கை வாத்தியத்துக்குள்ளேயே வைத்துப் பதிவு செய்திருந்தால் அந்தத் தூரம் தெரியாது.

போரிஸ் பெர்மன், புரோகோஃபியெவின் தனிப் பியானோ இசை முழுவதையும் சாண்டோஸுக்காக வாசித்தவர், அவருடையதைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். பெரிய சொனாட்டாக்களை எப்படி அணுகுகிறாரோ அதே முகத்தோடு வெட்டுக்கிளிகளின் அணிவகுப்பையும் அணுகுகிறார், இளித்துக்கொண்டு வாசிப்பதில்லை. அந்தப் பாவமன்னிப்பு உருப்படியில், தப்பு செய்த குழந்தையின் தலைகுனிவு மட்டும் இருக்கிறது, தத்துவம் எதுவும் இல்லை. இந்தப் பன்னிரண்டில் ஏழை 1941-இல் புரோகோஃபியெவே சின்ன இசைக்குழுவுக்கு மாற்றி, 'கோடை நாள்' என்று பெயர் வைத்தார். அதையும் தேடிப்பிடித்துக் கேளுங்கள், ஆனால் பியானோவைக் கேட்ட பிறகு. முதலிலேயே இசைக்குழுவைப் போட்டுவிட்டால் பியானோ இளைத்துப்போனதுபோலத் தோன்றும், எங்கள் வீட்டில் நடந்தது. அந்தி உருப்படியின் மெட்டை அவர் பின்னால் 'கல் பூ' பாலேயிலும் எடுத்துக்கொண்டார், அவ்வளவு பிடித்திருந்ததுபோல.

இன்னொரு சோவியத் இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச்சுக்கு வந்தால், 'குழந்தைகள் நோட்டுப் புத்தகம்', ஏழே உருப்படி, 1944-45-இல் மகள் கலீனாவுக்காக எழுதியது. அணிவகுப்பில் ஆரம்பித்து எளிதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது. நடந்த கதை பிரபலம். கலீனா இதை இசையமைப்பாளர் சங்கத்தில் வாசிக்க உட்கார்ந்து, பாதியில் மறந்து நின்றுவிட, மீதியை அப்பாவே உட்கார்ந்து வாசித்து முடித்தார். இதை நான் இவளிடம் சொன்ன அன்றிலிருந்து ஷோஸ்டகோவிச் அவளுக்குச் சொந்தக்காரர் ஆகிவிட்டார், அவளும் ஒரு தடவை மேடையில் மறந்தவள்தான்.

ஏழில் ஆறாவது 'சாவி கொடுத்த பொம்மை'. பாருங்கள், இங்கேயும் ஆறாவதில் ஒரு பொம்மை, நான் திட்டமிடவில்லை. சாய்கோவ்ஸ்கியின் பொம்மைக்கு மூச்சு இருக்கிறது, ஷோஸ்டகோவிச்சின் பொம்மைக்கு வெறும் சுருள்வில். அதன் மெட்டு அவர் பதின்ம வயதில் எழுதிய முதல் இசைக்குழுப் படைப்பின் மெட்டு. எல்லாப் பியானோக்காரர்களும் இதை நன்றாகவே வாசிக்கிறார்கள், சாவி பொம்மையை மிகையாக வாசித்துக் கெடுப்பது கஷ்டம். கெடுவது 'சோகக் கதை'யும் 'கரடி'யும். கரடி தடுக்கி விழுகிற மாதிரி இருக்க வேண்டும், பாதிப் பேர் கரடிக்கு நடனம் கற்றுக்கொடுத்து விடுகிறார்கள். கடைசி உருப்படி 'பிறந்தநாள்', கலீனாவின் ஒன்பதாம் பிறந்தநாளுக்காகப் பிறகு சேர்த்தது. எக்காளம் ஊதுகிற மாதிரி தொடங்கும். அந்த எக்காளத்தையே 1954-இல் தன் 'பண்டிகை முன்னிசை'க்கும் வைத்துக்கொண்டார். மகளுடைய பிறந்தநாள் பாட்டு நாட்டுக் கொண்டாட்டமாகப் போய்ச் சேர்ந்தது.

இசையமைப்பாளரே வாசித்த பதிவும் கிடைக்கிறது. ஒலி மோசம். வேகம் அதிகம், எங்கோ ரயிலுக்குப் போக வேண்டியவர் மாதிரி. ஆனால் அந்த அவசரத்தில் ஒரு அப்பா இருக்கிறார். வீட்டில் எத்தனையோ தடவை வாசித்துக் காட்டிய ஒன்றை இன்னொரு தடவை வாசிக்கிறவரின் அலுப்பும் அன்பும். முதல் பதிவாக இதை வாங்காதீர்கள், இரண்டாவதாக வாங்குங்கள்.

அதே காலத்து கபலேவ்ஸ்கி பற்றிச் சுருக்கமாக. முப்பது உருப்படிகள் உள்ள தொகுப்பும், இருபத்துநாலு எளிய உருப்படிகள் உள்ள தொகுப்பும் உலகம் முழுக்கப் பியானோ வகுப்புகளில் ஓடுகின்றன, 'கோமாளிகள்' தெரியாத மாணவர் கிடையாது. ஆனால் வரிசையாக உட்கார்ந்து கேட்கிற இசை இல்லை இது. ஒவ்வொன்றும் விரலுக்கு ஒரு வேலை சொல்லிக் கொடுத்துவிட்டு ஒரு நிமிடத்துக்குள் போய்விடும், பத்தாவதில் எனக்குக் கொட்டாவி வந்தது. குழந்தை எதைப் பயிற்சி செய்கிறதோ அந்த ஒன்றை மட்டும் போட்டுக் காட்டுங்கள், போதும். கச்சதூரியன் ஆர்மீனியர், அவரை இந்தப் பட்டியலில் சேர்ப்பது சரியா என்று யாராவது கேட்பார்கள், சோவியத் பெட்டிகளில் கூடவே வந்துவிடுகிறார். 1947-இல் அவர் வெளியிட்ட குழந்தைகள் ஆல்பத்தின் முதல் உருப்படிக்காகவே அவரை விட்டுவிட மனமில்லை.

யாரும் கண்டுகொள்ளாத ஒருவரைச் சொல்கிறேன். சாமுயில் மைகபார். லெனின்கிராதில் ஆசிரியராக இருந்தவர், 'பிரியூல்கி' என்று இருபத்தாறு உருப்படிகள் எழுதியிருக்கிறார். பிரியூல்கி ஒரு பழைய ரஷ்ய விளையாட்டு. சின்னச் சின்ன மரச்சாமான்களைக் குவியலாகக் கொட்டி, மற்றது அசையாமல் ஒவ்வொன்றாகக் கொக்கியால் எடுக்க வேண்டும். இசையும் அப்படித்தான், சிறுசு, தனித்தனி, கை நடுங்கினால் கலைந்துவிடும். ரஷ்யாவில் இசைப்பள்ளிக் குழந்தைகள் எல்லாருக்கும் இது மனப்பாடம், வெளியே பெயரே தெரியாது. இதன் பதிவுகள் பெரும்பாலும் ஆசிரியர்கள் மாணவர்களுக்காகச் செய்தவை, அதுவே இதற்குப் பொருத்தம், அலங்காரம் இல்லாமல் கேட்கலாம். குழந்தை வாசிக்கத் தொடங்கியிருந்தால் சாய்கோவ்ஸ்கிக்கு முன்னால் இதிலிருந்து தொடங்குங்கள்.

எதிர்க்கோடியில் சோபியா குபைதுலினாவின் 'இசைப் பொம்மைகள்', 1969, பதினாலு உருப்படிகள். இனிமையை எதிர்பார்க்காதீர்கள். மரங்கொத்தி உண்மையில் கொத்துகிறது, எதிரொலி உண்மையில் தூரத்திலிருந்து வருகிறது. அக்கா கேட்டுவிட்டு "இது குழந்தைங்களுக்கா?" என்றாள். குழந்தைக்கு எந்தச் சிக்கலும் இல்லை, மரங்கொத்தியை மூன்று தடவை போடச் சொன்னாள். எது இனிமை, எது கரடுமுரடு என்று அவளுக்கு இன்னும் யாரும் சொல்லித்தரவில்லை, அதற்குள் போட்டுவிடுவது நல்லது.

விளையாட்டாக ஒன்று. சாய்கோவ்ஸ்கி காலத்து இசையமைப்பாளர் போரோதின் வீட்டு வளர்ப்புப் பெண் இரண்டு விரலால் தட்டுகிற ஒரு மெட்டை வைத்துக்கொண்டு போரோதின், ரிம்ஸ்கி-கோர்சகோவ், குய், லியாதோவ் நாலு பேரும் சேர்ந்து ஒரு தொகுப்பே எழுதினார்கள், 1870-களின் கடைசியில். குழந்தை அந்த ஒரே மெட்டை மாறாமல் தட்டிக்கொண்டிருக்கும், பக்கத்தில் பெரியவர் விதவிதமாக அலங்கரிப்பார். பதிவுகள் இருக்கின்றன, ஆனால் இதைக் கேட்பதைவிடப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பதில்தான் வேடிக்கை. நான் பெரியவர் பகுதியில் நாலு வரி கற்றுக்கொண்டேன், அவள் அலுத்துப்போய் எழுந்து போய்விட்டாள், நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன்.

கடைசியாக, அந்த வரிசை விஷயம். கையெழுத்துப் பிரதியில் இருக்கிற மாதிரி நானே ஒரு பிளேலிஸ்ட் போட்டுப் பார்த்தேன், ஃபிளியெர் வாசித்தவற்றை எடுத்து, புது பொம்மை ஆறாவது, நோய் ஏழாவது, ஊர்வலம் எட்டாவது, வால்ட்ஸ் ஒன்பதாவது. ஒன்றும் சொல்லாமல் போட்டேன். புது பொம்மை வந்ததும் நிமிர்ந்து பார்த்தாள், சீக்கிரம் வந்துவிட்டதே என்று. ஊர்வலம் முடிந்து வால்ட்ஸ் ஆரம்பித்தது. "அப்போ இந்த வாட்டி யாரு ஆடறாங்க?" என்றாள். அச்சு வரிசையில் அவள் இந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. எனக்குத் தெரியவில்லை என்றேன். மறுபடி முதலிலிருந்து போடச் சொன்னாள், இப்போது வாரத்துக்கு ஒரு வரிசை என்று மாற்றி மாற்றி ஓடிக்கொண்டிருக்கிறது.